சான்றிதழில் உள்ள முகவரியும் சரக்கு கிளம்பும் முகவரியும்

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பற்றி எரிந்ததில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று, டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய சில ஆலைகளிலும் சமூகத் தணிக்கை, அதாவது தொழிலாளர்களின் நிலைமையைச் சோதிக்கும் தணிக்கை, நடந்திருந்தது. கட்டடம் தாங்குமா என்று பார்ப்பது அந்தத் தணிக்கையின் வேலைப் பட்டியலிலேயே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கொள்முதல் துறையில் பலர் கேட்கும் ஒரே கேள்வி, ‘சர்டிபிகேட் இருக்கா?’ என்பதுதான். இருக்கும். எதற்கு, எந்தக் கட்டடத்துக்கு என்று கேட்டால்தான் சிக்கல் தெரியவரும்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. எஸ்ஏ8000 உண்மையான சான்றிதழ்: மூன்றாண்டு செல்லும், இடையில் கண்காணிப்புத் தணிக்கைகள் உண்டு. ஸ்மெட்டா சான்றிதழே அல்ல. அது ஒரு தணிக்கை முறை; அதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை, கண்ட குறைகளின் அறிக்கை மட்டும்தான். பிஎஸ்சிஐ என்ற இன்னொரு தணிக்கைத் திட்டம், ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறது. ‘நாங்கள் ஸ்மெட்டா சர்டிஃபைடு’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த அறிக்கையை அவர்களே முழுதாகப் படித்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விவசாயிக்கு நியாயமான விலை என்று சொல்லும் ஃபேர்டிரேட் முத்திரை வேறு வகை. அதில் கோகோ, கரும்புச் சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆகியவற்றுக்கு அளவுச் சமன் முறைக்கு அனுமதி உண்டு. வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் பொருந்தினால் போதும். கையிலிருக்கும் பொட்டலத்தில் இருப்பது அதே விவசாயியின் விளைச்சலாக இருக்க வேண்டியதில்லை. இதில் ஏமாற்று இல்லை, ஆனால் இது தெரிந்து வாங்குபவர்கள் குறைவு.

நேர்மையான தணிக்கையின் உயிர் வேலை நேரக் கணக்கில் இருக்கிறது. எஸ்ஏ8000 அனுமதிப்பது வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் விருப்பத்தின் பேரில் 12 மணி ஓவர்டைம், தொடர்ந்து ஆறு நாள் உழைத்தால் ஒரு நாள் ஓய்வு. உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் சரியாக 60 மணியில் நிற்கிறார்களா? முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். இரண்டு செட் கணக்கு எழுதுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. ஆனால் வருகைக்கும் சம்பளத்துக்கும் பொய்க்கணக்கு எழுதுபவர், மற்ற எல்லாப் பதிவேட்டிலும் எழுத மறந்துவிடுவார்.

தையல் பிரிவில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடியெடுத்து, ஒரு நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதி வைப்பார்கள். துணிக்குள் ஊசி போய்விடக் கூடாது என்பதற்கான தரக் கட்டுப்பாடு அது. வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை. ஊசி நோட்டில் அதே ஞாயிறு இரவு 9.40க்கு 14ஆம் மிஷினில் ஊசி உடைந்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கேட் பதிவேடு, லோடு லாரியின் நேரம், ஜெனரேட்டர் லாக், முதலுதவிப் பதிவு எல்லாவற்றையும் இப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

அடுத்தது உற்பத்திக் கணக்கு. ஒரு பீஸுக்கு 15 நிமிடம் என்றால், 8 மணி நேரத்தில் ஒருவரால் அதிகபட்சம் 32 பீஸ். 40 பேர் இருந்தால் நாளுக்கு 1,280, ஆறு நாளில் 7,680. இது ஒரு நொடிகூட வீணாகாத கணக்கு. 60 சதவீத செயல்திறன் என்று வைத்தால் 4,608தான் வரும். அந்த வாரம் 9,000 பீஸ் அனுப்பியதாக ஷிப்மென்ட் ஆவணம் சொன்னால், ஒன்று மறைத்த ஓவர்டைம், இல்லையென்றால் சரக்கு வேறெங்கோ தைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்தானது. ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த அந்த இடத்துக்குத் தணிக்கையாளர் போனதே இல்லை, சான்றிதழில் அதன் முகவரியும் கிடையாது. பையர், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனம், செய்யக்கூடிய மிக எளிய சோதனை இதுதான்: சான்றிதழிலுள்ள முகவரி, எல்லை (எந்தெந்த வேலைகளுக்குச் செல்லும் என்பது), காலாவதி தேதி மூன்றையும் இன்வாய்ஸோடும் சரக்கு ஏற்றிய இடத்தோடும் ஒப்பிடுவது. பத்து நிமிட வேலை. சான்றிதழ் தலைமை அலுவலகத்தின் பெயரில் மட்டும் இருப்பது எத்தனை முறை பிடிபடுகிறது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஆட்களின் எண்ணிக்கையிலும் ஒரு கண் வேண்டும். தணிக்கைக்கு எத்தனை நாள், எத்தனை பேரிடம் பேட்டி என்பது தொழிலாளர் எண்ணிக்கையை வைத்தே முடிவாகிறது. கான்ட்ராக்ட் ஆட்கள், துப்புரவு, கேன்டீன், செக்யூரிட்டி, லோடுமேன் ஆகியோரைச் சேர்க்காமல் கணக்குக் கொடுத்தால் நாளும் குறையும், செலவும் குறையும். அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் விடுபட்டவர்கள்தான்.

பேட்டிக்கான ஆட்களைத் தணிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெச்ஆர் நீட்டும் பட்டியல் உதவாது. மேனேஜர் அறைக்கு அருகே உட்காரக் கூடாது. ஆறு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது சொல்லிக்கொடுத்த வாக்கியம். ‘ஓவர்டைம் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘போன வாரம் எந்தெந்த நாள் வீட்டில் இரவுச் சாப்பாடு?’ என்று கேட்டுப் பாருங்கள். புலம்பெயர்ந்தவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: இந்த வேலைக்கு வர ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அந்தக் கடன் யாரிடம், பாஸ்போர்ட் இப்போது எங்கே? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஆள்சேர்ப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது. பாஸ்போர்ட்டை ‘பாதுகாப்புக்காக’ ஆபீஸ் லாக்கரில் வைத்திருந்தால், கையெழுத்து வாங்கியிருந்தாலும், அது கட்டாய உழைப்புக்கான அறிகுறி. யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்கும்படி அறிக்கையில் எழுதிவிட்டால், சொன்னவருக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது.

குறை கண்டபின் அதை மூடும் விதத்தில்தான் ஏமாற்று அதிகம். ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று ஒரு குரூப் போட்டோ வரும். கூலி குறைந்திருந்தால் தீர்வு பாக்கியைக் கொடுப்பது. சான்று வங்கி வரவு. ஏஜென்ட் கமிஷன் என்றால் அதைத் திருப்பித் தருவது. குழந்தைத் தொழிலாளி கிடைத்தால் அன்றே வெளியே அனுப்புவது தீர்வாகாது. அந்தக் குழந்தை இதைவிட மோசமான இடத்துக்குத்தான் போகும். பள்ளிக்குச் செல்ல ஏற்பாடு, படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வேலை என்று சேர்த்துச் செய்ய வேண்டும்.

தணிக்கைக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஆலையே கட்டுகிறது. கறாரான தணிக்கை நிறுவனத்தை அடுத்த முறை கூப்பிடாமல் விடலாம். பையருக்கும் இதில் பங்குண்டு. டிசைனை கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்ற மறுத்தால், அந்த ஓவர்டைமை வாங்கியவர் அவர்தான். ஆகவே ஒரு குறைகூட இல்லாத அறிக்கை மேஜைக்கு வந்தால், எத்தனை நாள் தணிக்கை, எந்த மாதம், சொல்லி வந்தார்களா, எத்தனை பேரிடம் எந்த மொழியில் பேசினார்கள் என்று பாருங்கள். பிறகு அதே மாதத்து பர்ச்சேஸ் ஆர்டர்களை எடுத்து, உறுதி செய்த தேதிக்குப் பின் எத்தனை திருத்தம் போனது என்று எண்ணுங்கள்.