திருமலை ஏறிய கால் கேதாரத்துக்குப் போதாது

கேதார்நாத், பத்ரிநாத் நடை திறந்தால் போதும், டெல்லியில் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ் டாக்டர்களுக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். கும்பகோணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ பிள்ளை வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு யாத்திரை கிளம்பும் பெரியவர்கள் விஷயமாகத்தான். போகும்போது யாரும் கேட்பதில்லை. வரும்போது கேட்கிறார்கள், சிலர் ஆம்புலன்ஸில் இருந்துகொண்டு.

போன வாரம் வந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, பி.பி. எதுவும் கிடையாது. ஹெலிகாப்டரில் கேதாரம் போய் இறங்கிய அன்று சாயங்காலமே தலைவலி. 'அலைச்சல்' என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் இரவு இருமல். விடிவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கி, சளியில் நுரை வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் சளி கட்டிவிட்டது என்று ஆவி பிடிக்க வைத்திருக்கிறார்கள். உண்மையில் உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நேரத்தோடு கீழே இறக்கியதால் பிழைத்தார்.

"டாக்டர், இவர் வருஷா வருஷம் திருப்பதிக்கு நடந்தே ஏறுவாரே!" என்றார் அவர் மனைவி.

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அலிபிரியில் 3,550 படி ஏறினாலும் திருமலை 1,000 மீட்டருக்குள்தான். ஊட்டியே 2,240 மீட்டர்தான். பத்ரி 3,100 மீட்டருக்கு மேல், கேதாரம் 3,583, நேபாளத்து முக்திநாத் 3,700-க்கும் மேல். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், கேதாரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். முதலில் மூச்சு வேகமாகும். அதற்கு ஏற்ப சிறுநீரகம் ரத்தத்தைச் சரிக்கட்டச் சில நாட்கள் பிடிக்கும். ரத்தச் சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்காகும். வாக்கிங், யோகா, ஜிம் எதுவும் இந்த நாட்களைக் குறைக்காது. திடகாத்திரமான இளைஞர்களும் படுக்கிறார்கள், வேகமாக ஏறிவிடுவதால்.

"அங்கேயே மனுஷங்க இருக்காங்களே?" என்றும் கேட்கிறார்கள். உயரத்திலேயே வாழும் திபெத்தியர்களின் உடம்பு பல தலைமுறைகளாக மாறி வந்தது. மரபணுவிலேயே அதற்கான வேறுபாடு இருக்கிறது. பத்ரிநாத் தலைமை அர்ச்சகரான ராவல் கேரள நம்பூதிரிதான், ஆனால் அவர் சீசன் முழுக்க அங்கேயே தங்குகிறவர். நீங்கள் இரண்டு ராத்திரி தங்கப் போகிறவர்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளி கூடாது. டப்பா ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதை நம்பி மேலே தங்காதீர்கள்.

எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட எந்த உயரத்தில் படுத்துத் தூங்கினீர்கள் என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பத்ரி போகிறவர்களுக்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது: ஜோஷிமட், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி, 1,900 மீட்டருக்குச் சற்றுக் கீழே. சேவித்துவிட்டு அங்கே ஓரிரு இரவு தங்குங்கள். டூர்க்காரர் ஒரு நாள் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் சண்டை போடுங்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் என்று ஏதாவது சேர்ந்தால், அது வேறு காரணம் என்று உறுதியாகும்வரை மலை நோய்தான். அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். தூக்க மாத்திரை வேண்டாம், மது வேண்டவே வேண்டாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறக்குங்கள். நடுராத்திரியானாலும் சரி, தரிசனம் பாக்கி இருந்தாலும் சரி.

மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். இதய நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மா மேலே இருக்கும்போது தினம் ராத்திரி ஃபோன் செய்து "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தலை வலிக்கிறதா?" என்றும் கேளுங்கள். கூட்டத்தோடு போனவர்கள், தன்னால் மற்றவர்கள் தரிசனம் கெட்டுவிடக் கூடாதென்று வாய் திறக்க மாட்டார்கள்.