நாஸ்டால்ஜியா என்றால் கழிவிரக்கமா?

போன மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். 1973-இல் வந்த ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. அரங்கக் கதவில் ஒட்டியிருந்த தாளில் படத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: "1960களின் அமெரிக்க இளைஞர்களைப் பற்றிய கழிவிரக்க நகைச்சுவைப் படம்." எனக்கு முன்னால் நின்றவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பி, "அழுகைப் படமா சார்? காமெடின்னு சொன்னாங்களேன்னு வந்தேன்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சொல்லைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போன காலத்தை நினைத்து ஏங்குவதைச் சொல்லும் 'நாஸ்டால்ஜியா' என்ற ஆங்கிலச் சொல்லைக் கழிவிரக்கம் என்று எழுதுவதைக் கட்டுரைகளில், விமர்சனங்களில், மொழிபெயர்ப்புகளில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இந்த முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'ஆல்கோஸ்' என்றால் வலி. ஊரை விட்டு வெளியே போன சுவிஸ்காரர்களுக்கு வந்த நோய்க்கு அவர் வைத்த பெயர். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, நெஞ்சு படபடக்கும், எந்நேரமும் ஊர் நினைப்பாகவே இருக்கும். ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் வைத்தியம். பிற்பாடு சொல் மருத்துவத்தை விட்டு வெளியே வந்தது. திரும்ப முடியாத ஊரின் இடத்தில் திரும்ப முடியாத காலம் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று நாம் அந்தப் பொருளில்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

சரி, கழிவிரக்கத்துக்கு வருவோம். அதை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கழிவு என்றால் கழிந்தது. இரக்கம் என்றால் இரங்குதல். கழிந்துபோனதற்கு இரங்குவது. நாஸ்டால்ஜியாவும் அதுதானே என்பார்கள். புறநானூற்றின் 243-ஆம் பாட்டையும் துணைக்கு அழைப்பார்கள். தடியூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிற கிழவர் ஒருவர் தன் சிறுவயதை நினைக்கிறார். துறையில் தாழ்ந்திருக்கும் மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ஆழமான மடுவில் 'துடும்' என்று குதித்து, அடியில் போய் மணல் அள்ளிக்கொண்டு வந்த அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். பாட்டு தொடங்குவதே 'இனி நினைந்து இரக்கம் ஆகின்று' என்றுதான். உலகத்தில் எந்த மொழியிலும் இந்த உணர்ச்சியை இதைவிட நன்றாகச் சொன்ன பாட்டை நான் படித்ததில்லை. அதில் 'இரக்கம்' இருக்கிறது. பிறகென்ன?

பிறகு ஒன்று இருக்கிறது. அந்த 'இரக்கம்' இன்று நம்மிடம் இல்லை. இன்று இரக்கம் என்றால் அடுத்தவர் மேல் வரும் பரிவு. இரங்கல் என்றால் செத்தவருக்குக் கூட்டம். பழைய பொருளிலேயே நின்றாலும் சிக்கல் தீராது. 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்கிறது குறள். 'என்ன காரியம் செய்துவிட்டோம்' என்று பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே என்று பொருள். அங்கே இரங்குவது என்றால் நொந்துகொள்வது. கழிவிரக்கம் இந்தக் கிளையில் வளர்ந்த சொல். செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் வருந்துவது; அது முற்றிப்போய்த் தன்னைத் தானே பாவம் பார்த்துக்கொள்வது. 'தோற்றபின் கழிவிரக்கத்தில் மூழ்கினான்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். குடித்துவிட்டுப் புலம்புகிற கதாபாத்திரத்துக்குப் பொருத்தமான சொல். இப்படி ஒரு நல்ல வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும் சொல்லைப் பிடித்து இன்னொரு வேலைக்கும் அனுப்பினால் இரண்டும் கெடும். சொற்பிறப்பு சரியாக வருகிறது என்பதற்காக வாழும் பொருளைத் தள்ளிவிட முடியாது. மருதக் கிளையில் இருந்து குதித்த கிழவர் எதற்காகவும் தன்னை நொந்துகொள்ளவில்லை. அந்த வயதுக்குத் திரும்ப முடியவில்லையே என்பதுதான் அவர் வலி. 'கல்லா இளமை' என்று சொல்லும்போது அவர் குரலில் செல்லம் இருக்கிறது. கழிவிரக்கத்தில் அந்தச் செல்லம் இல்லவே இல்லை.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'மலரும் நினைவுகள்' பத்திரிகைத் தலைப்புக்கு அழகு. ஆனால் அதில் ஆல்கோஸ் இல்லை, வலி மொத்தமாக விடுபட்டுப்போகிறது. 'கடந்தகால ஏக்கம்' பொருளில் சரி, கோப்பு வாசனை அடிக்கிறது. 'இறந்தகால ஏக்கம்' என்றால் இலக்கண வகுப்பு ஞாபகம் வருகிறது. 'பழமை ஏக்கம்' என்பதைத்தான் சற்று நின்று மறுக்க வேண்டும். பழமை என்றவுடன் கோயில், ஓலைச்சுவடி, தாத்தா காலம் எல்லாம் வந்து நிற்கின்றன. பழமைவாதமும் கூடவே வருகிறது. நாஸ்டால்ஜியாவுக்குப் பழமை தேவையே இல்லை. லூகாஸின் படம் நடப்பது 1962-இல், கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில், கோடை முடியும் ஒரே ராத்திரியில். படம் வந்தது 1973-இல். இடையில் பதினோரே வருஷம். சுவரொட்டியில் அவர்கள் போட்ட கேள்வியே '62-இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்பதுதான். அந்தப் பதினோரு வருஷத்துக்குள் கென்னடி கொல்லப்பட்டார், வியட்நாம் போர் ஒரு தலைமுறையையே இழுத்துக்கொண்டு போனது. அதனால் பதினோரு வருஷம் எட்டாத தூரமாகிவிட்டது.

படத்துக்குள்ளேயே இன்னும் குட்டியான ஏக்கம் ஒன்றும் உண்டு. மஞ்சள் ஃபோர்டு காரில் சுற்றும் ஜான் மில்னருக்கு வயது இருபத்திச் சொச்சம்தான். பாடகர் பட்டி ஹாலி செத்ததிலிருந்தே ராக் அண்ட் ரோல் சரிந்துவிட்டது என்று குறைப்படுகிறான். பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்தது 1959 பிப்ரவரியில். கதை நடக்கும்போது மூன்றரை வருஷம்தான் ஆகியிருக்கிறது! இதைப் போய்ப் 'பழமை' என்று எப்படி எழுதுவது?

என் ஓட்டு 'நினைவேக்கம்' என்ற சொல்லுக்கு. ஏற்கெனவே பலர் எழுதுவதுதான், என் கண்டுபிடிப்பு அல்ல. வீங்கு வீக்கம் ஆவதுபோல, தேங்கு தேக்கம் ஆவதுபோல, ஏங்கு என்பது ஏக்கம் ஆகிறது. அதோடு நினைவு சேர்கிறது. ஏக்கம் ஏன் சரி என்றால், அது நம்மிடமும் ஒரு நோய். அம்மா ஊருக்குப் போய்விட்டால் குழந்தை சாப்பிடாது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், ராத்திரி உடம்பு சுடும். "ஒண்ணுமில்லை, ஏக்கக் காய்ச்சல், அவ வந்தா சரியாயிடும்" என்பார் பாட்டி. ஹோஃபர் லத்தீனில் பக்கம் பக்கமாக எழுதியதும் இதையேதான், அதே மருந்துடன். ஒரு மொழியின் பாட்டிமார் கையில் இப்படி ஒரு சொல் தயாராக இருக்கும்போது நிகண்டுக்குள் போய்த் தேடுவானேன்?

இங்கே மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அகராதியைத் திறந்து, அழகாகத் தெரிகிற, கொஞ்சம் அரிதான சொல்லை எடுத்து வைத்துவிடுகிறோம். அந்தச் சொல் இப்போது எந்த வாக்கியங்களில் உயிரோடு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. தூய தமிழ் எனக்கும் வேண்டும். தூய்மையாக இருந்தும் தப்பான பொருளைத் தருகிற சொல்லைவிட 'நாஸ்டால்ஜியா' என்று அப்படியே எழுதுவது நேர்மை என்று நினைக்கிறேன்.

ஒரு சொல் சரியா என்று பார்க்க, அதைப் படத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். மறுநாள் காலை ஊரை விட்டுக் கல்லூரிக்குப் போகவேண்டிய கர்ட், பள்ளி முடித்துவிட்ட கர்ட், அந்த ராத்திரி பழைய பள்ளிக்கூடத்து நடையில் தனியாக நடக்கிறான். தன்னுடைய பழைய லாக்கர் முன் நின்று, தெரிந்த எண்களைத் திருப்பிப் பார்க்கிறான். திறக்கவில்லை. பூட்டு எண்ணை மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் காட்சி. அவனுக்கு அங்கே பழமை ஏதும் இல்லை, செய்த தப்புக்கு வருத்தமும் இல்லை. கை எண்ணை மறக்கவில்லை, கதவுதான் திறக்கவில்லை. நினைவேக்கம் என்ற சொல்லை அங்கே வைத்துப் பாருங்கள், அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

1979-இல் வந்த அடுத்த பாகம் 'மோர் அமெரிக்கன் கிராஃபிட்டி'க்கும் இந்தச் சொல் உரைகல்லாகிறது. லூகாஸ் இயக்கவில்லை, பில் நார்ட்டன் இயக்கினார். 1964 முதல் 1967 வரை நான்கு புத்தாண்டு முந்தின நாட்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் திரையின் வடிவமே வேறு, ஒன்றில் திரை துண்டு துண்டாகப் பிரிகிறது. முதல் படம் அளவுக்கு அது எடுபடவில்லை. நினைவுகள் நிறைய இருக்கின்றன, ஏங்குவதற்கு நேரம்தான் கொடுக்கவில்லை. ஒரே ஒரு இடம் விலக்கு. மில்னர் 1964 டிசம்பரில் குடிகார ஓட்டுநர் ஒருவரால் விபத்தில் சாவான் என்று முதல் படத்தின் முடிவு அட்டையிலேயே சொல்லிவிட்டார்கள். இதில் அந்த டிசம்பரின் கடைசி ராத்திரியில் அவன் கார் மேட்டில் ஏறுகிறது, எதிரே இன்னொரு காரின் விளக்கு வருகிறது. மோதுவதைக் காட்டவில்லை. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அந்தத் திரையிடலை நடத்தியவர்களிடம் படம் முடிந்ததும் போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் இரண்டாம் பாகத்தைப் போடுகிறார்களாம். தாளில் ஒட்ட ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறேன்: "1962-இன் ஓர் இரவை நினைத்து எடுத்த நினைவேக்க நகைச்சுவைப் படத்தின் தொடர்ச்சி."