பாட்டில் தண்ணி கம்பெனிக்கு பர்மிட் குடுக்கிறப்ப எந்த நம்பரைப் பாக்கணும்?

பாட்டில் தண்ணி கம்பெனி ஒன்னு வரப்போகுதுன்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எடுப்பாங்க?" எதிர்க்கிறவங்களும் இதையே கேக்குறாங்க, பர்மிட் குடுக்கிற ஆபீசரும் இதையே கேக்குறாரு, கம்பெனியும் யோசிக்காம ஒரு நம்பரைச் சொல்லிடும், அப்புறம் மொத்த சண்டையும் அந்த நம்பரைக் கூட்டலாமா குறைக்கலாமான்னே போகும். நான் நிலத்தடி நீர் ஆய்வுத் தொழில்ல இருக்கேன், இந்த மாதிரி விண்ணப்பங்களோட வர்ற பம்பிங் டெஸ்ட் (மோட்டாரை ஓட்டி மட்டம் எப்படி இறங்குதுன்னு பாக்குறது) ரிப்போர்ட், வாட்டர் லெவல் ரெஜிஸ்டர் இதையெல்லாம் படிச்சுப் பாத்து கருத்து எழுதுறது என் வேலையில ஒரு பகுதி. அதை வச்சு சொல்றேன், லிட்டர் கணக்கை மட்டும் வச்சுக்கிட்டு யாரையும் கட்டுப்படுத்த முடியாது. நீர்மட்டம் எங்க வரைக்கும் இறங்கினா மோட்டாரை நிறுத்தணும், அந்த மட்டத்தை யாரு அளக்குறாங்க, எந்தக் கிணத்துல அளக்குறாங்க, இது மூணும் பர்மிட்டுல எழுதியிருக்கான்னு பாருங்க. நான் பாத்த பல பர்மிட்டுல இது இருக்கவே இருக்காது.

கம்பெனிங்க சொல்ற வாதத்தை மொதல்ல பாத்துடுவோம், ஏன்னா அதுல பொய் இல்ல. விவசாயத்துக்கு எடுக்குற தண்ணியோட பாத்தா நாங்க எடுக்குறது தூசும்பாங்க. ஐநா பல்கலைக்கழகத்தோட நீர் ஆய்வு நிறுவனம் 2023ல வெளியிட்ட அறிக்கையில, 2021ல உலகம் முழுக்க வித்த பாட்டில் தண்ணி சுமார் 35,000 கோடி லிட்டர்னு இருக்கு. கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா கன கிலோமீட்டர்ல பாத்தா அது 0.35தான். பூமிக்கு அடியிலேர்ந்து மனுஷன் வருஷா வருஷம் உறிஞ்சுறது கிட்டத்தட்ட ஆயிரம் கன கிலோமீட்டர், அதுல 70 சதவீதம் போல பாசனத்துக்குப் போகுது. பாட்டில்ல வர்றது எல்லாமே நிலத்தடி தண்ணின்னே வச்சுக்கிட்டாலும் (அப்படி இல்ல, குழாய்த் தண்ணியைச் சுத்தம் பண்ணி அடைக்கிறதும் உண்டு) ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழதான்.

சரி, அப்ப பிரச்சனையே இல்லையா? உலக சராசரியை வச்சு ஒரு போரை, அதாவது ஒரு ஆழ்துளைக் கிணத்தைப் பத்திப் பேசுறதுதான் இங்க தப்பு. போர் உலகத்துத் தண்ணியை எடுக்கல, அந்த ஒரு இடத்துத் தண்ணியை எடுக்குது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம். கடினப் பாறைப் பகுதியில, மேல உளுத்துப்போன பாறை அடுக்கு இருக்குமே, அதுல வடிஞ்சு வரக்கூடிய தண்ணி மொத்த கன அளவுல ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம், மிஞ்சிப் போனா மூணு. ஒரு சதவீதம்னு வச்சுக்குங்க. தினமும் ஒரு லட்சம் லிட்டர் எடுக்குற போர், அதாவது 100 கன மீட்டர். ஒரு சதவீதம்தான் தண்ணின்னா அந்த 100 கன மீட்டரைக் குடுக்க 10,000 கன மீட்டர் பாறை வத்தணும், அதாவது ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு அடியில ஒரு மீட்டர் மட்டம் இறங்கணும், அது ஒரே நாள்ல. பக்கத்திலேர்ந்து தண்ணி நகந்து வர்றதால ஒரே இடத்துல அப்படி இறங்காது, பரவலா இறங்கும். நூறு ஹெக்டேருக்குப் பரவுதுன்னு வைங்க, நாளைக்கு ஒரு சென்டிமீட்டர். மழையே உள்ள இறங்கலன்னா வருஷத்துக்கு மூணரை மீட்டருக்கு மேல. ஒரு லட்சம் லிட்டர்ங்கிறது இந்தத் தொழில்ல பெரிய பிளான்ட்டும் கிடையாது. இதே ஒரு லட்சம் லிட்டரை மணலும் கூழாங்கல்லும் நெறஞ்ச ஆத்துப் படுகையில எடுத்தா யாருக்கும் தெரியக்கூட தெரியாது. லிட்டர் ஒன்னேதான், பாறைதான் வேற. அதனாலதான் எத்தனை லிட்டர்னு கேட்டதும் என்கிட்ட பதில் இருக்காது, எங்கன்னு திருப்பிக் கேப்பேன்.

இன்னொன்னு, வயலுக்குப் பாய்ச்சுற தண்ணியில ஒரு பங்கு திரும்பக் கீழ இறங்கும், பாட்டில்ல அடைச்சது லாரி ஏறி வேற ஊருக்குப் போயிடும், ஒரு சொட்டு திரும்பாது. மிச்சம் நிக்கிறது தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்ஓ மெஷின் தள்ளுற கழிவுதான், உப்பு கூடின தண்ணி, அதை அங்கயே மண்ணுல விட்டா அளவுப் பிரச்சனை போக தரப் பிரச்சனையும் சேந்துக்கும். எடுக்குற தண்ணியில கால்வாசியிலேர்ந்து பாதி வரைக்கும் கழிவாப் போற பிளான்ட் சாதாரணம். விண்ணப்பத்துல எழுதியிருக்கிற லிட்டர் பூமியிலேர்ந்து எடுக்குறதா இல்ல பாட்டில்ல அடைக்கிறதான்னு பாத்துக்குங்க, ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஓட்டை இருக்கு.

ரிப்போர்ட்ல அடிக்கடி வர்ற ஒரு வரி: "இந்தப் பகுதியில வருஷத்துக்கு இவ்வளவு தண்ணி மழையால ரீசார்ஜ் ஆகுது, நாங்க அதுல பாதிகூட எடுக்கல, அதனால பாதுகாப்பானது." படிக்க நியாயமா இருக்கும், ஆனா இது எங்க துறையில ரொம்ப பழைய தப்பு. சார்லஸ் வெர்னான் தைஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், பம்பிங் டெஸ்ட்டுக்கு நாங்க இன்னைக்கும் பயன்படுத்துற சமன்பாட்டை 1935ல குடுத்தவர், 1940லயே இதைத் தெளிவா எழுதிட்டாரு. போர் போடுறதுக்கு முன்னாடியும் அந்த ரீசார்ஜ் சும்மா உக்காந்திருக்கல. உள்ள இறங்கின அளவுக்கு எங்கயோ வெளிய போய்க்கிட்டுதான் இருந்துச்சு, ஓடையா, ஊத்தா, சதுப்பு நிலமா, மரத்தோட வேருக்கு, அடுத்தவன் கிணத்துக்கு. புதுசா ஒரு போர் எடுக்குற தண்ணி மொதல்ல பாறையில தேங்கி இருக்கிறதுலேர்ந்து வரும், அப்புறம் மெல்ல மெல்ல அந்த ஓடைக்கும் ஊத்துக்கும் போறதைப் பிடுங்கித்தான் வரும். ஆக, ரீசார்ஜ் எவ்வளவுன்னு சொல்றது பத்தாது, யாரோட பங்கைப் பிடுங்குறீங்கன்னு சொல்லணும். அந்தப் பத்தி நான் படிக்கிற ரிப்போர்ட்ல அபூர்வமாத்தான் இருக்கும்.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம் மெகோஸ்டா கவுன்ட்டியில நெஸ்லேயோட பாட்டில் தண்ணி போர்கள் மேல நடந்த வழக்கு இதே கதைதான், அங்க மக்கள் காட்டினது வத்துன கிணறு இல்ல, குறைஞ்சுபோன ஓடை. 2003ல ஆரம்பக்கட்ட கோர்ட்டு தீர்ப்பு வந்து, மேல்முறையீடெல்லாம் போய், கடைசியா 2009ல சமரசம். நிமிஷத்துக்கு 400 கேலன் (ஒரு கேலன் 3.8 லிட்டர் போல) எடுக்கலாம்னு இருந்ததை சராசரி 218 கேலனாக் குறைச்சாங்க. எனக்கு அதுல பிடிச்சது அந்த 218 இல்ல, ஓடையில தண்ணி கொறையுற மாசங்கள்ல இன்னும் கம்மியாத்தான் எடுக்கணும்னு சேத்தாங்க பாருங்க, அதுதான். வருஷம் பூரா ஒரே அளவுன்னு எழுதுற பர்மிட்டு கோடையைக் கணக்குலயே எடுத்துக்கல.

கேரளாவுல பிளாச்சிமடா எல்லாருக்கும் தெரியும். அங்க வந்தது கோக-கோலா குளிர்பானக் கம்பெனிதான், ஆனா சட்டப் பிரச்சனை அச்சு அசல் இதேதான். 2000ல ஆலை வந்துச்சு, 2002ல போராட்டம் ஆரம்பிச்சுது, 2003ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுடுச்சு. அந்த வருஷம் டிசம்பர்ல ஹைகோர்ட்டு தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, நிலம் சொந்தம்ங்கிறதுக்காக அளவு கடந்து எடுக்க உரிமை கிடையாதுன்னாரு. 2005ல அதே கோர்ட்டோட ரெண்டு நீதிபதி இருக்குற டிவிஷன் பெஞ்ச் நிபுணர் குழு ரிப்போர்ட்டை வச்சு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம்னு சொல்லிடுச்சு. மொத தீர்ப்பு இது யாரோட தண்ணின்னு கேட்டுச்சு, ரெண்டாவது மறுபடி லிட்டர் கணக்குக்கே வந்துடுச்சு. ஆலை என்னவோ 2004 மார்ச்சுலயே மூடினது, திரும்பத் தெறக்கவே இல்ல.

இப்ப பம்பிங் டெஸ்ட்டுக்கு வருவோம். மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டி, ஓட்டுற போர்லயும் சுத்தி இருக்கிற கிணறுகள்லயும் மட்டம் எப்படி இறங்குதுன்னு பாத்து, நிறுத்தினப்புறம் எப்படி ஏறுதுன்னும் பாக்கணும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நான் மொதல்ல பாக்குறது தேதி. மழை முடிஞ்ச கையோட டெஸ்ட் எடுத்திருந்தா எந்தப் போரும் பாஸ்தான். அடுத்தது எத்தனை மணி நேரம்னு பாப்பேன். எட்டு மணி நேரம் ஓட்டிட்டு மட்டம் நிலைச்சிருச்சுன்னு எழுதுவாங்க, 72 மணி நேரம் ஓட்டியிருந்தா திரும்ப இறங்க ஆரம்பிச்சிருக்கும், ஏன்னா அதுக்குள்ள போரைச் சுத்தி நீர்மட்டத்துல விழுற பள்ளம் விரிஞ்சு தண்ணி வராத பாறை விளிம்பைத் தொட்டிருக்கும். அப்புறம் எந்தக் கிணறுகளைக் கவனிச்சாங்கங்கிறது. பாறையில தண்ணி வெடிப்பு வழியாத்தான் ஓடும், அதனால அம்பது மீட்டர் பக்கத்துல இருக்கிற கிணறு அசையாம நிக்கும், அரை கிலோமீட்டர் தள்ளி அதே வெடிப்புல இருக்கிற கிணறு ரெண்டாம் நாளே இறங்கும். அசையாத கிணத்தை மட்டும் அளந்து பாதிப்பு இல்லன்னு எழுதினா அதுவும் உண்மைதான், என்ன பண்றது.

பர்மிட்டு குடுத்தப்புறம் மீட்டர். இங்கதான் நிறைய வேடிக்கை. மீட்டர் போர் வாயிலயே டெலிவரி பைப்புல இருக்கணும், ஆனா ஆர்ஓவுக்கு அப்புறம் மாட்டியிருப்பாங்க, இல்ல மீட்டருக்கு முன்னாடி பைப்பைக் கிளை பிரிக்கிற ஒரு டீ போட்டு வால்வு வச்சு இன்னொரு லைன் போயிருக்கும். ஒரு இடத்துல ரெஜிஸ்டரைப் பொரட்டினா மூணு மாசம் தெனமும் ஒரே அளவு ஏறியிருக்கு, ஆலை லீவு விட்ட நாளும் அதே, கரண்ட் இல்லாத நாளும் அதே, கையெழுத்து கூட ஒரே பேனா. கிணத்து மட்டமும் அப்படித்தான், ஒரு சென்டிமீட்டர் மாறல. நிலத்தடி நீர் அப்படி நிக்கவே நிக்காது, மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும்.

இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு, எந்தப் பொறியாளரும் போடலாம். ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் மேல தூக்க, மோட்டார் பாதித் திறன்ல ஓடுனா, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கரண்ட் ஆகும். போர் மோட்டாருக்குத் தனி கரண்ட் மீட்டர் வைங்கன்னு பர்மிட்டுல ஒரு வரி போட்டா போதும், தண்ணி மீட்டர் பொய் சொன்னா கரண்ட் மீட்டர் காட்டிக் குடுத்துடும். அதே கணக்குல, ஆயிரம் லிட்டருக்கு ஆகுற யூனிட் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போனா ஒன்னு மோட்டார் தேஞ்சிருக்கு, இல்ல மட்டம் கீழ போயிருக்கு.

கட்டணத்தை ஏத்துனா சரியாப்போயிடும்னு சிலர் சொல்றாங்க. கனடாவுல ஒன்டாரியோ 2017ல பாட்டில் கம்பெனிக்கு பத்து லட்சம் லிட்டருக்கு 3.71 டாலர்னு இருந்ததை 503.71 டாலராக்கினாங்க, நூறு மடங்குக்கு மேல. ஆனா லிட்டருக்கு வகுத்துப் பாருங்க, ஒரு சென்ட்டுல இருபதுல ஒரு பங்கு. எந்தக் கம்பெனியும் இதுக்காக மோட்டாரை நிறுத்தாது. கண்காணிப்புக்குப் பணம் சேக்க கட்டணம் வேணும், தண்ணியைக் காப்பாத்தும்னு நம்பாதீங்க. அங்க நடந்ததுல எனக்குப் பிடிச்சது வேற, எலோராங்கிற ஊருக்குப் பக்கத்துல வளர்ற மக்கள்தொகைக்குத் தேவைன்னு டவுன்ஷிப் கண்ணு வச்சிருந்த கிணத்தை 2016ல நெஸ்லே வாங்கிடுச்சு, அந்தச் சண்டையெல்லாம் சேந்து அந்த வருஷமே புது பர்மிட்டுகளுக்குத் தடை வந்துச்சு. 2021ல தடையை எடுத்தப்ப, நாளைக்கு 3,79,000 லிட்டருக்கு மேல எடுக்குற புது பாட்டில் பர்மிட்டுக்கு உள்ளாட்சியோட ஆதரவு கட்டாயம்னு வச்சுட்டாங்க. பிரான்ஸ்ல வித்தெல் ஊர்ல இது தலைகீழாப் போக இருந்துச்சு, மணற்கல் அடுக்குல மட்டம் வருஷக்கணக்கா இறங்கிக்கிட்டே வந்தப்ப, ஊர்க்காரங்களுக்கு வெளியிலேர்ந்து குழாய்ல தண்ணி கொண்டுவரலாம், பாட்டில் கம்பெனி இங்கயே எடுக்கட்டும்னு ஒரு திட்டம் போட்டாங்க. எதிர்ப்பு வந்து 2019ல கைவிட்டாங்க.

குறைஞ்சபட்ச வரம்புன்னு ஒன்னு பல இடத்துல உண்டு, அதுக்குக் கீழ எடுத்தா அனுமதியே வேண்டாம். ஒன்டாரியோல அது நாளைக்கு 50,000 லிட்டர், இந்தியாவுல மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தோட 2020 வழிகாட்டுதல்படி குறு சிறு நிறுவனங்களுக்கு 10,000 லிட்டர். வரம்பு வைக்கிறதுல தப்பில்ல, ஆனா ஒரே தெருவுல பத்து பேரு 9,900ன்னு எழுதிக் குடுத்தா பாறைக்கு அது ஒரே போர்தான். தனித்தனியா ஃபைல் பாத்தா எல்லாம் சரி, சேத்துப் பாத்தா ஒரு லட்சம் லிட்டர்.

என்னைக் கேட்டா பர்மிட்டுல இருக்க வேண்டியது இதுதான். ஆலை வேலிக்கு வெளிய, வெடிப்பு போற திசையில ரெண்டு மூணு கண்காணிப்புக் கிணறு, தானா பதிவு பண்ற கருவி, டேட்டா யாரு வேணா பாக்குற மாதிரி. ஒவ்வொரு கிணத்துக்கும் ரெண்டு மட்டம் எழுதி வைக்கணும், மொத மட்டத்தைத் தொட்டா பாதியாக் குறைக்கணும், ரெண்டாவதைத் தொட்டா நிறுத்தணும், யாரும் உத்தரவு போடக் காத்திருக்கக் கூடாது. அந்த மட்டத்தை சுத்தி இருக்கிறதுல ஆழம் கம்மியான குடிதண்ணிக் கிணத்தை வச்சு முடிவு பண்ணணும், கம்பெனி போரோட ஆழத்தை வச்சு இல்ல.

முடியுற தேதியும் வேணும், அதை யாராவது கவனிக்கவும் வேணும். கலிபோர்னியாவுல சான் பெர்னார்டினோ வனப்பகுதியில நெஸ்லே தண்ணி கொண்டுபோன பைப் லைனோட பர்மிட்டு 1988லயே காலாவதி, அதுக்கப்புறமும் வருஷத்துக்கு 524 டாலர் கட்டிக்கிட்டு பல வருஷம் எடுத்துக்கிட்டே இருந்தாங்க, 2015ல பத்திரிகையில வந்தப்பதான் வெளிய தெரிஞ்சுது. புதுப்பிக்கக் கேக்குறவங்க முந்தின அஞ்சு வருஷ மட்டப் பதிவைச் சேத்துக் குடுக்கணும், அது இல்லன்னா புது விண்ணப்பமா எடுத்துக்கிட்டு கோடையில 72 மணி நேர டெஸ்ட்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லணும், அது முடியுற வரைக்கும் மோட்டார் ஓடக்கூடாது.