சவர்நீர்த் தயற்றம்: எந்தக் கலம், எந்த உவர்?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மருமகள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது கேட்டாள்: "மாமா, இருகலப்பாசி என்றால் ரெண்டு கலம் இருக்கிற பாசியா?"

நியாயமான சந்தேகம். தமிழ்நாட்டில் செல் என்பதை நாங்கள் இங்கே கலம் என்றுதான் படிக்கிறோம். ஆனால் தயற்றம் என்றும் நாங்கள் சொல்லும் இந்த நுண்ணிய நீர்ப்பாசிக்கு இருப்பது ஒரே கலம். 'இருகலம்' என்பதில் வரும் கலம் பாத்திரம். இலங்கைக் காதில் அந்தச் சொல் பிழையாகவே விழும்.

தயற்றம், அல்லது டயட்டம், கிரேக்கச் சொல். தியா என்றால் ஊடாக, தெம்னெயின் என்றால் வெட்டுதல். சேர்த்தால் 'இரண்டாக வெட்டுண்டது'. கண்ணாடி போன்ற சிலிக்காச் சுவர் இரண்டு பாதி. சற்றுப் பெரிய பாதி மற்றதன் மேல் மூடியாகப் பொருந்தும். குங்குமச் சிமிழ் அப்படியே! என்னைக் கேட்டால் 'சிமிழ்ப்பாசி' என்பேன். சோதனைத்தாளில் அப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது என்றும் அவளிடம் சொல்லிவைத்தேன். அதுவரை தயற்றமே இருக்கட்டும்.

சரி, சவர்நீர்? உவர்நீர் என்றும் எழுதுகிறார்கள். உவர் மிக அகன்ற சொல்: சுவையும் அதுதான், உப்புப் பூத்த மண்ணும் அதுதான், கடலுக்கே உவரி என்று பெயர். ஆகவே உவர்நீர் என்றால் கடல்நீரா, இடைப்பட்டதா என்று தெரியாது. யாழ்ப்பாணத்தார் கிணற்றை 'சவர்த்தண்ணி' என்னும்போது அந்தக் குழப்பம் இல்லை. குடிக்க முடியாது, ஆனால் கடலும் இல்லை. 1958இல் வெனிசில் வகுத்த முறைப்படி ஆயிரத்துக்கு 0.5 முதல் 30 பங்கு வரை உப்புள்ள நீர் இந்த இனம். கடலில் ஏறத்தாழ 35. எனவே என் வாக்கு சவருக்கே.

களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குத் தமிழில் முகத்துவாரம் என்றே பெயர். வறட்சியில் உப்புநீர் ஆற்றில் மேலேறி, அம்பத்தலையில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே கவலை தரும். அங்கே சவர்நீர்த் தயற்றம் கிடைத்தால் யாரும் வியக்கமாட்டார்கள். கடலே எட்டாத ஓடையில் கிடைத்தால்தான் புருவம் உயரும். ஆனால் தயற்றத்துக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல. தயற்ற ஆய்வாளர் கொல்பே 1927இல் இவற்றை உப்புத் தாங்கும் அளவால் வகுத்தது பெர்லினுக்குத் தெற்கே ஸ்பெரன்பெர்க் உப்பு நிலத்தை ஆராய்ந்துதான், கடற்கரையில் அல்ல. ஜெர்மனியின் வெர்ரா ஆற்றில் சவர்நீர்த் தயற்றம் வாழப் பொட்டாசியச் சுரங்கக் கழிவின் உப்பே போதுமானதாயிற்று.

இவற்றில் அடையாளம் காண எளிதானது பசிலாரியா என்ற தயற்றம். குச்சி போன்ற கலங்கள் ஒன்றையொன்று உரசி வழுக்கும். சீட்டுக்கட்டைத் தள்ளி விரித்து மறுபடி அடுக்கினாற்போல் கூட்டமே நீண்டு சுருங்கும். உயிரோடு இருந்தால்தான் இந்த வேடிக்கை. மற்றவற்றுக்குப் பொறுமை வேண்டும்: ஐதரசன் பேரொட்சைட்டில் உயிர்ப்பொருளை எரித்துவிட்டு, வெறும் ஓட்டை நுணுக்குக்காட்டியில் 1000 மடங்கு பெருக்கி, 10 மைக்குரோமீற்றருக்குள் எத்தனை வரி என்று எண்ணுவார்கள். இதில் ஒரு பொறி உண்டு. சிலிக்கா எளிதில் அழியாது, பழைய படிவிலிருந்து கழுவுண்டு வந்த ஓடும் புதிதுபோலவே தெரியும். அதனால் மருந்தை ஊற்றுமுன் ஒரு துளியை அப்படியே வைத்து, உள்ளே பொன்கபில உருமணிகள் (உயிருள்ள கலத்தின் நிறமணிகள்) இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.