தூணின் காலடியில் ஒரு குழி

2018 ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியை எட்டியதும், சேலத்திலிருந்து பலரும் வண்டி கட்டிக்கொண்டு பதினாறு கண் மதகைப் பார்க்கப் போனோம். அடுத்த மாதமும் தண்ணீர் குறையவில்லை. அந்த வெள்ளத்தில்தான் திருச்சி கொள்ளிடத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. பக்கத்திலேயே புதுப் பாலம் இருந்ததால் பழையதில் போக்குவரத்து இல்லை. ஓமலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1928-இல் கட்டிய பாலம் தொண்ணூறு வருஷம் தாங்கிவிட்டு அன்றைக்கு ஏன் விழுந்தது? ஆறு காவு கேட்டது என்கிறார்களே?”

காவும் இல்லை, பலியும் இல்லை. பாலம் பலி கேட்கும் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அந்தப் பேச்சை நம்பித்தான் ஊருக்குப் புதிதாக வருகிறவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகப்படுகிறார்கள். பாலம் விழுந்ததற்குக் காரணம் மணல் அரிப்பு.

ஆற்று நீர் மேலே வேகமாக ஓடும். தரையை உரசுமிடத்தில் மெதுவாகத்தான் ஓடும். இது பள்ளியில் படித்ததுதான். ஓடிவரும் நீர் தூணில் முட்டி நிற்கும்போது அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்கு. ஆழத்தால் வரும் வழக்கமான நீரழுத்தத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், தூணின் முகத்தில் மேலே அழுத்தம் கூடுதல், கீழே குறைவு. அப்புறம் என்ன? தண்ணீர் தூணை ஒட்டியபடியே நேராகக் கீழே இறங்குகிறது.

இறங்கிய நீர் மணலைக் குத்திக் கிளப்புகிறது. பாய் சுருட்டுவது போல உருண்டு, தூணின் இரண்டு பக்கமும் வளைந்து ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் குதிரையின் காலில் அடிக்கும் லாடம் போல இருக்கும். அதனால் இதற்கு லாடச் சுழல் என்றே பெயர். கிளம்பிய மணலைத் தூணுக்குப் பின்னால் எழும் சுழிகள் அள்ளிக்கொண்டு போகின்றன.

மழை விட்ட மறுநாள் ஏற்காடு அடிவாரத்து ஓடை ஒன்றில் இதை நீங்களே பார்க்கலாம். மணலில் பாதி புதைந்து நிற்கும் ஒரு கல்லைத் தேடுங்கள். தண்ணீர் வந்த பக்கம் அரைவட்டமாகக் குழி பறித்திருக்கும். மறுபக்கம் மணல் வால் போல நீண்டு கிடக்கும். குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பாலத்தின் அடியில் நடப்பதும் இதேதான், அளவுதான் பெரிது.

இதில் என்னை அசரவைப்பது அடுத்த கட்டம். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடிய வடிய, மேலிருந்து வரும் மணல் அந்தக் குழியை மூடிவிடும். தண்ணீர் வற்றியபின் பொறியாளர் வந்து பார்த்தால் தரை சமமாக, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆனால் மூடியிருப்பது பொலபொலவென்ற புது மணல். அடுத்த வெள்ளத்தில் அது சட்டென்று போய்விடும். ஆகவே வெள்ளம் ஓடும்போதே ஒலி அலையை அனுப்பிக் குழியை அளக்க வேண்டும். பாலத் திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை இந்தக் கருவிகளுக்கு ஒதுக்கலாமே!

சரி, தொண்ணூறு வருஷக் கேள்விக்கு வருவோம். தூணைப் பிடித்து நிறுத்துவது, அது தரைக்குள் புதைந்திருக்கும் ஆழம். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரையே கீழே இறங்கிவிட்டால், வெள்ளம் வருவதற்கு முன்பே அந்த ஆழத்தில் ஒரு பங்கு போய்விடும். பாட்டன் காலத்தில் தாங்கிய அதே வெள்ளத்தைப் பேரன் காலத்தில் தூணால் தாங்க முடியாது.

இதே அரிப்பை நம் முன்னோர் வேலை வாங்கியும் இருக்கிறார்கள். கல்லணையில் அடிமணல் எவ்வளவு ஆழம் என்று தெரியாத இடத்தில் பெரிய பாறைகளைப் போட்டார்கள். தண்ணீர் பாறையைச் சுற்றி மணலைப் பறிக்க, பாறை தானாகவே உள்ளே இறங்கியது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. அடியில் கெட்டித் தரை தட்டியதும் இறக்கம் நின்றது. மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையை இவர்களிடம்தான் கற்றோம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதினார்.