ரிஃப்ளெக்ஸ்: அனிச்சைச் செயலா, தெறிவினையா?

மருத்துவர் ரப்பர் சுத்தியலால் முழங்கால் சில்லுக்குக் கீழே மெல்லத் தட்டுகிறார். கால் தானாக முன்னால் உதைக்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை அனிச்சைச் செயல் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தெறிவினை என்கின்றன. மறிவினை என்று எழுதுகிறவர்களும் உண்டு. மூன்றும் ஒரே நிகழ்வின் பெயர்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் அதன் வேறொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, மூளை நம்மை எப்படி நடத்துகிறது என்ற புரிதலும் மாறிவிடும். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் மூலச்சொல். லத்தீனில் ஃப்ளெக்டெரே என்றால் வளைத்தல். அதன் முன்னால் 'ரி' சேர்ந்தால் பின்னோக்கி வளைத்தல், திருப்புதல் என்று ஆகும். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பி வருவதையும் இதே சொல்லால்தான் குறித்தார்கள். நரம்புக்கு இந்தச் சொல் வந்ததும் ஒளியின் வழியாகத்தான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட், நரம்புகளை உள்ளீடற்ற குழாய்களாகக் கற்பனை செய்தார். தீயருகே கால் போனால் நரம்புக்குள் இருக்கும் இழை இழுபடும், மூளையில் ஒரு துளை திறக்கும், அங்கிருந்து நுண்ணிய ஆவி பாய்ந்து தசையை இயக்கும் என்பது அவர் விளக்கம். அதே நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், உணர்வாக உள்ளே போனது அசைவாகத் திரும்பி வருவதை ரிஃப்ளெக்ஸ் என்ற அடைமொழியாலேயே குறித்தார். ஆக, சொல் பிறந்தபோது அதில் இருந்தது ஒரு பாதை மட்டும்தான்: போவது, திரும்புவது. விருப்பம் உண்டா இல்லையா என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை.

அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் விட், தலை நீக்கிய தவளையின் காலைக் கிள்ளினாலும் அது காலை இழுத்துக்கொள்கிறது என்பதையும், தண்டுவடத்தை அழித்துவிட்டால் அந்த அசைவு நின்றுவிடுகிறது என்பதையும் எடுத்துக் காட்டினார். திரும்புமுனை மூளையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தண்டுவடத்திலேயே இருக்கலாம் என்று தெரியவந்தது. பிறகு 1833இல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கில மருத்துவர், இது நினைவும் விருப்பமும் கலக்காத, தண்டுவடத்துக்கே உரிய தனி வேலை என்று வலியுறுத்தினார். விருப்பமின்மை இந்தச் சொல்லின் இலக்கணமாகவே மாறியது அப்போதிலிருந்துதான்.

அனிச்சை என்பது அப்படியே ஹால் சொன்ன பொருள். இச்சை வடமொழிச் சொல், விருப்பம் என்று பொருள். முன்னால் எதிர்மறை சேர்ந்து அனிச்சை, அதாவது விருப்பமின்மை. பாதை, திரும்புதல் எல்லாம் போய்விட்டன. விருப்பம் இல்லை என்பது மட்டும் மிஞ்சியது.

சரி, உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? முழங்காலில் தட்டப்படுவது எலும்பு இல்லை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். தட்டியதும் தொடையின் முன்தசை நொடியில் சிறு அளவு நீள்கிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதைக் கண்டுகொண்டு செய்தி அனுப்புகின்றன. உணர்ச்சி நரம்புசெல் அந்தச் செய்தியை முதுகின் கீழ்ப்பகுதியில் தண்டுவடத்துக்குள் கொண்டுபோய், நேராக இயக்க நரம்புசெல்லிடம் ஒப்படைக்கிறது. நடுவில் ஒரே ஒரு சந்திப்பு. இயக்க நரம்புசெல் அதே தசையைச் சுருக்குகிறது. தசை சுருங்கத் தொடங்க ஏறக்குறைய 20 மில்லிவிநாடி போதும். அதே வேளையில் உணர்ச்சி நரம்பின் இன்னொரு கிளை, நடுவில் நின்று செய்தியைக் கைமாற்றும் இடைநரம்புசெல் ஒன்றின் வழியாகத் தொடையின் பின்தசையைத் தளர்த்துகிறது. எதிர்த் தசை இழுத்துப் பிடித்தால் கால் உதைக்க முடியாதே! ஒரு சாதாரண உதைக்குள்ளேயே ஒன்றை இயக்கு, இன்னொன்றை அடக்கு என்ற இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. மூளை நடத்தையை ஆளும் விதம் முழுவதிலும் இந்த அடக்குதலுக்குப் பெரிய இடம் உண்டு.

சூடான பொருளைத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்வது இதைவிடச் சற்றுச் சிக்கலானது. இங்கே இடைநரம்புசெல்கள் பல குறுக்கிடுகின்றன. கை விலகிய பிறகுதான் வலி தெரிகிறது. சுரீர் என்ற முதல் வலியை விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும் மெல்லிய உறையுள்ள நரம்பிழைகள் கொண்டுவருகின்றன. சற்றுப் பொறுத்து வரும் எரிச்சலை, விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டரே ஓடும் உறையற்ற இழைகள் கொண்டுவருகின்றன. வலித்ததால் கையை எடுத்தேன் என்று நாம் சொல்வது, நடந்து முடிந்த ஒன்றுக்கு மூளை பிறகு எழுதிக்கொள்ளும் விளக்கம்.

இங்கேதான் அனிச்சை என்ற பெயர் இடறுகிறது. ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டுகிறோம். ஊசி குத்துகிறது. கையை இழுக்கும் சுற்று தண்டுவடத்தில் தயாராகத்தான் இருக்கிறது, ஆனாலும் கை அசையாமல் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் அந்தச் சுற்றை அழுத்திப் பிடிக்கின்றன. நேர்மாறாகவும் நடக்கும். இரு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது முழங்காலில் தட்டினால் உதை பலமாக வரும். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1880களில் கண்டறிந்த இந்த உத்தியை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். விருப்பம் இந்தச் செயலைத் தொடங்குவதில்லை என்பது சரி. ஆனால் விருப்பத்துக்கு இதில் பங்கே இல்லை என்பது சரியில்லை.

இன்னும் அழுத்தமான சான்று பாதத்தில் இருக்கிறது. உள்ளங்காலின் வெளி ஓரத்தில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிக் கீறினால், நலமான பெரியவருக்குக் கால் பெருவிரல் கீழே மடங்கும். கைக்குழந்தைக்கோ மேலே எழும்பும். 1896இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்கப் பாதை பழுதுபட்ட பெரியவர்களுக்கும் பெருவிரல் மேலே எழும்புவதைப் பதிவு செய்தார். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்து அசைவு அழிந்துபோகவில்லை. வளர்ந்த மூளை அதை அடக்கி வைத்திருந்தது, பிடி தளர்ந்ததும் அது வெளியே வந்துவிட்டது. பிறந்த குழந்தை விரலைப் பற்றிக்கொள்வதும் அப்படியே. சில மாதங்களில் அது மறையும், மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட முதியவர்கள் சிலரிடம் திரும்ப வரும். முதிர்ச்சி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, புதிதாகக் கற்றது. இன்னொரு பங்கு, பழையதை அடக்கக் கற்றது.

அனிச்சை என்ற பெயருக்கு வேறு குறைகளும் உண்டு. இதயத் துடிப்பும் குடலின் அசைவும்கூட விருப்பமின்றித்தான் நடக்கின்றன. அவற்றைத் தானியங்கு நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அனிச்சை என்றாலே ரிஃப்ளெக்ஸ் என்று வைத்துக்கொண்டால், இவற்றைத் தனியே சுட்ட வழியில்லாமல் போகிறது. அப்புறம் தன்னிச்சை என்ற சொல்லோடு வரும் குழப்பம். தன்னிச்சை என்றால் தன் விருப்பப்படி. அனிச்சைக்கு நேர் எதிர். ஆனால் 'தானாக' என்ற பொருளில் 'கண் தன்னிச்சையாக இமைத்தது' என்று எழுதுவதைச் செய்திகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. கண்ணுக்கு ஏது இச்சை? அனிச்சையாக என்றோ, இன்னும் எளிமையாகத் தானாக என்றோ எழுதிவிடலாம்.

ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் காட்டிய வகைக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. உணவு வாயில் பட்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது பிறவியிலேயே உள்ளது. உணவுக்கு முன் தொடர்ந்து ஒரு ஒலியைக் கேட்கச் செய்தால், நாளடைவில் அந்த ஒலிக்கே உமிழ்நீர் சுரக்கும். ஒலிக்குப் பின் உணவு வருவது நின்றுபோனால் சுரப்பதும் மெல்ல நின்றுவிடும். இதற்குப் பாவ்லவ் வைத்த ரஷ்யப் பெயரின் பொருள், நிபந்தனையைப் பொறுத்த ரிஃப்ளெக்ஸ். ஆங்கிலத்துக்குப் போனபோது அது பழக்கி உருவாக்கப்பட்டது என்ற சாயலைப் பெற்றது. அதைப் பார்த்து, கட்டுப்படுத்தப்பட்ட அனிச்சைச் செயல் என்று தமிழில் எழுதுகிறார்கள். யார் எதைக் கட்டுப்படுத்துகிறார்கள்? விருப்பமும் இல்லை, ஆனால் கட்டுப்பாடு இருக்கிறது என்று படிக்கும் மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்! பாவ்லவ் சொன்னது நிபந்தனையைத்தான். தமிழிலும் அதையே சொல்ல வேண்டும்.

பேச்சு வழக்கில் ரிஃப்ளெக்ஸ் வேறொரு பொருளுக்கும் நகர்ந்திருக்கிறது. விளையாட்டு வீரர் மின்னல் வேகத்தில் பந்தைப் பிடித்தால் அவருக்கு நல்ல ரிஃப்ளெக்ஸ் என்கிறோம். அது ரிஃப்ளெக்ஸே இல்லை. கண் பார்த்து, பெருமூளை கணித்து, பயிற்சியால் கூர்மையான கை நகர்வது அது. கண்ணால் கண்டதற்கு விரலை அசைக்கவே ஏறக்குறைய 200 மில்லிவிநாடி தேவை. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 100 மில்லிவிநாடிக்குள் கால் தள்ளினால் அது தவறான தொடக்கம் என்று விதியே உண்டு. கேட்ட பிறகு அவ்வளவு விரைவில் கிளம்ப முடியாது, முன்கூட்டியே கிளம்பியிருக்கிறார் என்று பொருள். இந்த விரைவுக்கு எதிர்வினை வேகம் என்பதே பொருத்தமான சொல்.

இனி மற்ற இரண்டு சொற்கள். மறிதல் என்றால் திரும்புதல், மடங்குதல். லத்தீன் வேருக்கு மறிவினை மிக நெருக்கம். ஆனால் இன்றைய காதுக்கு மறி என்றதும் வழிமறிப்பும் சாலை மறியலும்தான் நினைவுக்கு வருகின்றன. செய்தி தடைபட்டு நிற்பதுபோல ஒலிக்கிறது.

எனக்குப் பிடித்தது தெறிவினை. தெறித்தல் என்றால் வில்லின் நாணையோ யாழின் நரம்பையோ சுண்டுவது. துள்ளிச் சிதறுவதற்கும் அதே சொல். சுண்டிய கணமே அதிர்வு எழுகிறது, தூண்டலுக்கும் துலங்கலுக்கும் நடுவே யோசிக்க இடமில்லை. முழங்காலில் மருத்துவர் தட்டுவதும் நாணைத்தான், தசைநாணை. விருப்பம் இருக்கிறதா இல்லையா என்று இந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால் மூளை அதை அடக்கியது, பலப்படுத்தியது என்றெல்லாம் முரணில்லாமல் எழுத முடிகிறது. கூட்டுச்சொற்களும் வளைந்து கொடுக்கின்றன: உணர்ச்சி நரம்பு, தண்டுவடம், இயக்க நரம்பு என்று வில்போல வளைந்து செல்லும் சுற்றுக்குத் தெறிவில் (தெறி + வில்), முழங்கால் உதைக்கு முழங்கால் தெறிவினை, குழந்தையின் பற்றுதலுக்குப் பற்றல் தெறிவினை, பாவ்லவ் காட்டியதற்கு நிபந்தனைத் தெறிவினை.

அனிச்சையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. செயல் எப்படி நடந்தது என்று சொல்லும்போது, 'அனிச்சையாகக் கையை விலக்கினான்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். செயலின் பெயராக வரும் இடத்தில் மட்டும் தெறிவினை என்று எழுதலாம். பள்ளி மாணவருக்கு எழுதுகிறவர்கள் முதல் முறை இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு தெறிவினையிலேயே தொடரலாம்.