பகிர்வுக் கோப்புறையில் ‘பெர்மிஷன் டினைடு’: எஸ்இலினக்ஸை அணைக்கும் முன்

இன்னொரு கணினியில் உள்ள கோப்புறையை என்எஃப்எஸ் என்ற பிணையப் பகிர்வு முறை வழியாக லினக்ஸ் சர்வரில் மவுண்ட் செய்கிறோம், அதாவது இணைக்கிறோம். நிர்வாகிக்குக் கோப்புகள் அனைத்தும் திறக்கின்றன. வெப் சர்வர் கேட்டால் மட்டும் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 அனுமதி கொடுத்தும் நிலைமை மாறுவதில்லை. இந்தக் கட்டத்தில் பலரும், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று வழக்கமான அனுமதிகளுக்கு மேலாகக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை நிரந்தரமாக அணைத்துவிடுவதைப் பணியில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு சேவைக்கு வழிவிடுவதற்காகச் சர்வர் முழுவதன் காவலையும் நீக்கும் இப்பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மவுண்ட் கட்டளையே தோற்றால், பெரும்பாலும் காரணம் வேறிடத்தில் இருக்கும்: எக்ஸ்போர்ட் பட்டியல் (எதை யாருக்குப் பகிர்வது என்ற பட்டியல்), ஃபயர்வால், அல்லது சாம்பா (விண்டோஸ் முறைப் பகிர்வு) பகிர்வில் தவறான கடவுச்சொல். மவுண்ட் ஆன பிறகு குறிப்பிட்ட ஒரு சேவைக்கு மட்டும் மறுப்பு வந்தால்தான் எஸ்இலினக்ஸை முதலில் சந்தேகிக்க வேண்டும். நிர்வாகியின் ஷெல் வழக்கமாகக் கட்டுப்பாடற்ற டொமைனில் (இயங்கும் நிரலுக்கு எஸ்இலினக்ஸ் தரும் வகை) இயங்குவதால் அவருக்குத் தடை தெரிவதில்லை.

எஸ்இலினக்ஸ் மறுப்புகள் பதிவாகும் ஆடிட் பதிவைத் திறந்து, ‘ஏவிசி’ என்று குறிக்கப்பட்ட வரியைத் தேடுங்கள். ‘டினைடு’ என்ற சொல்லை அடுத்து எந்தச் செயல் மறுக்கப்பட்டது என்பதும், கேட்ட நிரலின் லேபிளாக (எஸ்இலினக்ஸ் இடும் வகைக்குறி) வெப் சர்வரைக் குறிக்கும் ‘ஹெச்டிடிபிடி_டி’ என்பதும், கேட்கப்பட்ட பொருளின் லேபிளாக ‘என்எஃப்எஸ்_டி’ என்பதும் அதிலேயே இருக்கும். மறுப்பு நடந்தும் பதிவு இல்லையென்றால், சில மறுப்புகளைப் பதியாமல் விடும் ‘டோன்ட்ஆடிட்’ விதிகளை ‘செமாட்யூல் -டிபி’ கொண்டு தற்காலிகமாக நீக்கிப் பார்த்து, பின்னர் ‘செமாட்யூல் -பி’ கொண்டு மீட்டுவிட வேண்டும்.

தீர்வு இரண்டு வகை. ‘ஹெச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ்’ என்ற பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்சை) ‘செட்எஸ்இபூல் -பி’ கொண்டு இயக்கினால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் அது நிலைக்கும். சாம்பா பகிர்வுகளுக்கும் பயனர்களின் ஹோம் கோப்புறைகளுக்கும் தனித்தனிப் பூலியன்கள் உண்டு. ஆனால் பூலியன், அந்த சர்வரில் ‘என்எஃப்எஸ்_டி’ லேபிள் பெற்ற எல்லாப் பகிர்வுகளையும் வெப் சர்வருக்குத் திறந்துவிடுகிறது. ஊதியக் கோப்புகளோ பேக்அப்போ அதே சர்வரில் மவுண்ட் ஆகியிருந்தால் இது சிறிய விஷயம் அன்று.

அத்தகைய இடத்தில் இரண்டாவது தீர்வாக, மவுண்ட் செய்யும்போதே ‘கான்டெக்ஸ்ட்’ விருப்பத்தில் ‘ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி’ என்ற லேபிளை அந்த ஒரு பகிர்வுக்கு மட்டும் தருவதையே நான் பரிந்துரைப்பேன். அது படிக்க மட்டுமே இடம் தரும். வெப் சர்வர் எழுதவும் வேண்டுமானால் அதற்கென உள்ள ‘ஆர்டபிள்யூ’ லேபிளைத் தர வேண்டும். இப்படி மவுண்ட் ஆனபின் ‘சிஹெச்கான்’ கொண்டு தனிக் கோப்பின் லேபிளை மாற்ற இயலாது. ஒரே எக்ஸ்போர்ட்டின் இரு கோப்புறைகளுக்கு வெவ்வேறு லேபிள் தேவைப்பட்டால், ‘நோஷேர்கேஷ்’ விருப்பத்தையும் சேர்க்காதவரை இரண்டாவது மவுண்ட் தோல்வியடையும். கோப்புவாரியாக லேபிள் வேண்டுவோருக்கு என்எஃப்எஸ் 4.2 பதிப்பில் வழியுண்டு. எக்ஸ்போர்ட்டில் ‘செக்யூரிட்டி_லேபிள்’ இடப்பட்டிருக்க வேண்டும்.

‘ஆடிட்2அலோ’ தரும் விதிகளைப் படிக்காமல் நிறுவாதீர்கள். பதிவில் உள்ள மறுப்பு எதுவாயினும், அது ஊடுருவியவரின் முயற்சியால் வந்ததாகவே இருந்தாலும், அக்கருவி அதை அனுமதியாக மாற்றித் தந்துவிடும். சோதனைக்காகத் தளர்த்தியே ஆக வேண்டுமென்றால், ‘செமானேஜ் பெர்மிஸ்ஸிவ்’ கட்டளையால் அந்த ஒரு டொமைனை மட்டும் தளர்த்தலாம். மறுப்புகள் அப்போதும் பதிவாகும், பிற சேவைகள் மீதான காவலும் நீடிக்கும்.